பச்சைச் சிகரம்

எங்கள் பேராசிரியர் பகவதிப்பெருமாளின் அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அவருடைய விஞ்ஞானம் முழுக்க அந்த ஜன்னலில்தான் நடக்கும். கணினி போட்ட வரைபடத்தைக் கண்ணாடித்தாளில் அச்செடுக்கச் சொல்லுவார். சோதனைக்கூடம் அளந்த வரைபடத்தின் மேல் அதை வைத்து, இரண்டையும் ஜன்னலோடு அழுத்திப் பிடித்து, வெளிவெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் அது அறிவியல். உட்காரவில்லை என்றால் அது என் தப்பு.

"இடது பக்கமா கொஞ்சம் தள்ளு மக்ளே" என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். டைரக்டரிடம் மலையாளம், மீட்டிங்கில் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் நாஞ்சில் தமிழ். நம்ம ஊர்ப் பிள்ளை என்கிற பாசம். அந்தப் பாசத்தில்தான் நான் இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன்.

நான் திவ்யலட்சுமி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற நாஞ்சில் நாட்டுக் குடும்பம். இதே ஊரில் ஒரு ஆய்வு நிலையத்தில் பி.எச்டி. செய்கிறேன். என்ன செய்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது, சொன்ன பிறகு கொட்டாவி விடாத சொந்தக்காரரும் கிடையாது. உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

படிகம் என்றால் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கிற இடம். ரேஷன் கடை வரிசையில் நடுவிலே ஒருத்தர் கழன்றுகொள்வது போல அங்கேயும் சில அணுக்கள் காணாமல் போகும். அதற்குக் குறை என்று பெயர். அந்தக் காலி இடத்தில் ஓர் எலக்ட்ரான் வந்து குடியிருக்கும். அதன் மேல் லேசர் அடித்தால் அந்த ஒளியை விழுங்கிவிட்டு வேறு நிறத்தில் துப்பும். எந்தக் குறை எந்த நிறத்தில் துப்பும், அந்த நிறம் எவ்வளவு அகலமாகப் பரவும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்கிற மென்பொருளை எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. அதில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. பெயர் மட்டும் சார் வைத்தார். படிகஜோதி! ஊதுபத்திப் பாக்கெட்டில் போடவேண்டிய பெயர்.

எங்களுக்குக் கிடைத்த படிகம் துத்தநாக ஆக்சைடு. வேர்க்குருவுக்குப் பூசுகிற களிம்பில் இருக்குமே, அதே சரக்குதான், இங்கே கல் மாதிரி வளர்த்தது. இரண்டு மாடி கீழே வினீத் சார் என்று இன்னொரு பேராசிரியரின் சோதனைக்கூடம். அங்கே லேசர் அடித்து அளந்தார்கள். நான் மேலே கணக்குப் போட்டேன். படிகஜோதி சொன்னது மங்கலான சிவப்பு. கீழேயிருந்து வந்தது பளிச்சென்று ஒரு பச்சை. வரைபடத்தின் நடுவில் சிகரம் மாதிரி எழுந்து நின்றது.

சார் இரண்டையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். என் சிவப்பு ஒரு மூலையில், அவர்கள் பச்சை இன்னொரு மூலையில்.

"தள்ளு மக்ளே."

தொழிலில் தள்ளுவது வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கணக்கு எப்போதும் சற்றுப் பிசகும். கோட்டை அப்படியே தூக்கி நூலிழை நகர்த்தி வைத்தால் உலகத்தில் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அதற்காகச் சிவப்பைக் கொண்டுபோய்ப் பச்சையில் வைப்பதா? திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கவேண்டியவளை நாகர்கோவிலில் இறக்கிவிட்டு, பக்கத்தில்தான் நடந்து போ என்கிற மாதிரி இருந்தது.

"சார், இவ்வளவு தூரம் தள்ளக்கூடாது. வேற ஏதோ தப்பு இருக்கு" என்றேன்.

"நேச்சர் ஒருநாளும் பொய் சொல்லாது கேட்டியா? அளந்தது பச்சை. அப்பம் ஒன் கோடுதான் பொய் சொல்லுது."

தள்ளினேன். இடம் ஒத்துப்போனது, அகலம் ஒத்துப்போகவில்லை. அகலத்துக்கும் படிகஜோதியில் ஒரு திருகு இருக்கிறது. "அதையும் கொஞ்சம் ஒடுக்கு" என்றார். ஒடுக்கினேன். ஜன்னலில் இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. சார் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார்.

கட்டுரை எழுதினோம். 'கணக்கும் சோதனையும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன' என்பது முதல் வாக்கியம். வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் பச்சைச் சிகரம், இன்னொரு பக்கம் சார், கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிற போஸில். என் பெயர் கீழே, ஃபிளெக்ஸைக் கம்பத்தோடு கட்டிய கயிற்றுக்குப் பின்னால் இருந்தது.

இது இப்படியே போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். என் பதிவுக் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டில் சாரின் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது, இனி நீட்டிப்பும் கிடையாது. சார் ஒரே நிபந்தனை போட்டிருந்தார். ஐந்தாவது அத்தியாயம் பச்சைச் சிகரமாக இருக்கவேண்டும். அவருடைய அடுத்த பெரிய ப்ராஜெக்டின் முதல் பக்கமே அந்தச் சிகரம்தான்.

ஆய்வேட்டுக்கு நல்ல தெளிவான வரைபடம் வேண்டும் என்று நான் கீழே சோதனைக்கூடத்துக்குப் போனேன். ஆதர்ஷ் இருந்தான். வினீத் சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவன், அளப்பதெல்லாம் அவன்தான். கரமனை அக்ரஹாரத்து வீட்டுத் தமிழையும் பள்ளிக்கூட மலையாளத்தையும் குலுக்கிப் பேசுவான். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான்.

"பேக்ரவுண்ட் எங்க ஆதர்ஷ்?" என்று கேட்டேன்.

பேக்ரவுண்ட் என்பது ஒன்றுமில்லை. லேசர் அடிக்காமல் ஒரு தடவை அளக்கவேண்டும். அறையில் திரிகிற வெளிச்சம் அதில் பதியும். அதை நிஜ அளவிலிருந்து கழிக்கவேண்டும். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"அது எடுக்கறதில்லை அக்கா."

"ஏன்?"

"கழிச்சா அந்தப் பச்சைப் பீக்கும் கூடப் போயிடறது. வினீத் சார்ட்ட கேட்டேன். அப்போ கழிக்க வேண்டா, நல்ல பீக்கை எதுக்கு நாசமாக்கறேன்னு பறஞ்சார்."

இதை அவன், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"லேசரை ஆஃப் பண்ணு."

"ஓஃப் செஞ்சாச்சு."

"இப்ப அள."

அளந்தான். திரையில் பச்சைச் சிகரம் எழுந்து நின்றது.

"படிகத்தை வெளிய எடு. இப்ப அள."

படிகமே இல்லை. சிகரம் இருந்தது, முன்னைவிடக் கம்பீரமாக.

நாங்கள் இரண்டு பேரும் அந்த இருட்டறையைச் சுற்றிப் பார்த்தோம். எல்லா விளக்கும் அணைந்திருந்தது. கதவுக்கு மேலே மட்டும், ஒளியை அளக்கிற கருவியின் வாய்க்கு நேர் எதிரே, பச்சைப் பசேல் என்று ஒரு எக்ஸிட் போர்டு எரிந்துகொண்டிருந்தது.

சென்ற வருஷம் நிலையத்துக்குத் தரம் போட ஒரு கமிட்டி வந்தது. கமிட்டிக்குத் தீப்பாதுகாப்பு முக்கியம் என்று ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் எக்ஸிட் போர்டு மாட்டினார்கள். அது அணைக்கவே முடியாத வகை. கரண்ட் போனாலும் பேட்டரியில் எரியும். கருவியைச் சுற்றிக் கறுப்புத் திரை ஒன்று தொங்கியது. அதைப் பார்த்தால் சாவு வீடு மாதிரி இருக்கிறது, கமிட்டி முகம் சுளிக்கும் என்று டைரக்டர் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். கமிட்டி வந்து முந்திரி தின்றுவிட்டுப் போனது. திரையைத் திரும்ப மாட்டவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் பச்சை வர ஆரம்பித்திருக்கிறது.

ஆதர்ஷ் ஸ்டூலில் ஏறித் தன் மழைக்கோட்டைப் போர்டின் மேல் மாட்டினான். பச்சைச் சிகரம் படுத்தேவிட்டது.

"எண்டம்மே!" என்றான்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தேன். உலகத்திலேயே எக்ஸிட் போர்டைக் குவாண்டம் கணக்குப் போட்டு விளக்கிய முதல் ஆள் நான்தான். அதற்கு ஃபிளெக்ஸ் வேறு!

பிறகு படிகத்தைத் திரும்ப வைத்து, லேசரைப் போட்டு, மழைக்கோட்டை எடுக்காமல் ரொம்ப நேரம் அளக்கவிட்டோம். பச்சைப் பக்கம் ஒன்றுமே இல்லை. சிவப்புப் பக்கத்தில் சின்னதாக, மங்கலாக ஒரு மேடு வந்தது. என் கோடு முதல் நாள் எங்கே சொன்னதோ, ஏறக்குறைய அங்கே. நூலிழைதான் வித்தியாசம். அகலமும் நான் சொன்ன அகலம். இத்தனை மாதமாக என் பிள்ளையைப் பொய் சொல்லுகிறது என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார்கள், நானும் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். அது பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

மேலே ஓடினேன். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"ஆருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாண்டாம். இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். அந்தப் போர்டுக்குள்ள இருக்க எல்.ஈ.டி.யும் ஒரு படிகம்தானே?"

"ஆமா சார்."

"அதிலயும் குறை இருக்கும்லா?"

"இருக்கும் சார். ஆனா..."

"அப்பம் படிகஜோதி ஒரு படிகத்தில உள்ள பச்சையைச் சரியாத்தான கணிச்சிருக்கு! என்ன படிகம்ங்கறதுல சின்ன வித்தியாசம். அவ்வளவுதானே?"

மனுஷர் எந்தக் குழியில் விழுந்தாலும் அங்கேயே பாய் விரித்துவிடுவார்.

"சார், பேப்பரைத் திருப்பி வாங்கணும். அச்சாகறதுக்கு முன்னாடி" என்றேன்.

அவர் முகம் மாறியது. பாசம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வியாழக்கிழமை ஒனக்கு செமினார். பச்சையைக் காட்டு, ஆய்வேட்டுக் கமிட்டி கைதட்டும், அடுத்த நாள் நான் கையெழுத்துப் போடுதேன். இல்ல, இந்தச் சிவப்பைத்தான் கெட்டிப்பிடிச்சுட்டு நிப்பேன்னா, மாசக் கடைசி வரைக்கும் நில்லு. ஒனக்கு டாக்டர் வேணுமா சிவப்பு வேணுமா? நீயே யோசி."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். என் அம்மா மங்கலம் பொறுமையாகக் கேட்டாள்.

"பச்சையோ சிவப்போ, நமக்கு என்னத்துக்குட்டி? அவரு கேக்கத எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த வாங்கிட்டு வா. கல்யாணத்துக்குக் கேட்டு வரவங்கல்லாம் இன்னும் முடியல்லியா முடியல்லியான்னு கேட்டே என் உயிர எடுக்காங்க" என்றாள்.

அவள்மேல் கோபம் வந்தது. அதைவிட, அவள் சொல்வதைச் செய்துவிடலாமா என்று எனக்கே தோன்றியதில் இன்னும் கோபம் வந்தது. ஐந்தாவது அத்தியாயத்தை இரண்டு விதமாகவும் தயார்செய்து வைத்துக்கொண்டு செமினாருக்குப் போனேன்.

கமிட்டியின் தலைவி டாக்டர் செல்லபாய், வெளியிலிருந்து வந்தவர். ஓய்வு பெற்ற இயற்பியல்காரர், அவருக்கும் நாகர்கோவில்தான். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார். டைரக்டர் இருந்தார், வினீத் சார் இருந்தார், கடைசி வரிசையில் ஆதர்ஷ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பச்சைச் சிகரத்தைத் திரையில் போட்டேன். எங்கள் சார் நாற்காலியில் சாய்ந்து, ஃபிளெக்ஸில் இருக்கிற அதே போஸில் விரலைக் கன்னத்தில் வைத்தார்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. போகிறது போ என்று அடுத்த படத்தைப் போட்டேன்.

"இதுவும் அதே பச்சை. ஆனா இது லேசரை அணைச்சிட்டு எடுத்தது. படிகமும் உள்ளே இல்லை. இது கதவுக்கு மேல இருக்கிற எக்ஸிட் போர்டு."

முதலில் வாயைத் திறந்தவர் டைரக்டர்.

"ஆ போர்டு அவிடே ஆரு வெச்சு?"

அவ்வளவுதான். அங்கே யார் வைத்தது என்பதில் தொடங்கி அரை மணி நேரம் போர்டைப் பற்றியே பேச்சு. கழற்றலாமா என்றார் ஒருத்தர். கழற்றினால் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் போய்விடும் என்றார் இன்னொருத்தர். சிவப்பு போர்டாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்றார் வினீத் சார். நான் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சப்-கமிட்டி போடலாம் என்று டைரக்டர் முடித்துவைத்தார். வரைபடத்தைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை.

செல்லபாய் மேடம்தான் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"போர்டு கெடக்கட்டும். லேசரை அணைச்சிட்டுப் பாக்கணும்னு ஆருக்குத் தோணிச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பகவதிப்பெருமாள் சார் எழுந்துவிட்டார்.

"நான்தான் மேடம் சொன்னேன். அந்தப் பச்சை மேல எனக்கு மொதல்லேருந்தே ஒரு சந்தேகம். போயி அணைச்சுப் பாரு மக்ளேன்னு நான்தான் அனுப்பினேன்."

இப்படி ஒரு வார்த்தை! கண்ணிமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. வினீத் சார் திறந்த வாயை மூட மறந்துவிட்டார். செல்லபாய் மேடம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அப்பிடியாம்மா?"

இல்லை என்று சொன்னால் கையெழுத்து இல்லை. ஆமாம் என்று சொன்னால் என் சிவப்பையும் அவரே தின்று ஏப்பம் விடுவார். நாளைக்கு அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வரும். பச்சைக் கட்டுரை பாட்டுக்கு அச்சாகும், கேட்டால் அது வேறு படிகம் என்பார். சார் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். ஆசீர்வாதம் பண்ணுகிற தலையாட்டல். அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

"ஆமா மேடம், சார்தான் சொன்னாங்க" என்றேன். "அதோட விடல்ல. அச்சுக்குப் போன பேப்பரை இன்னிக்கே திருப்பி வாங்கணும், காரணத்தையும் மறைக்காம எழுதணும்னு சொல்லிட்டாங்க. பேரு போனாலும் பரவால்லன்னாங்க. அஞ்சாவது அத்தியாயத்துல பச்சையை எடுத்துட்டு, தள்ளாத சிவப்புக் கோட்டை வைக்கணும்னும் சார்தான் பிடிவாதமா நின்னாங்க."

அடுத்த படத்தைப் போட்டேன். மங்கலான சிவப்பு மேடு, அதன் பக்கத்தில் என் கோடு, தள்ளாமல், அது சொன்ன இடத்திலேயே.

செல்லபாய் மேடம் கைதட்டினார். டைரக்டர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று டைரக்டர் எழுந்து போய் சாரின் கையைக் குலுக்கினார். சார் சிரித்தார். கடைவாய்ப் பல் வலிக்கிறவர் கல்யாண போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக்கூடாது பெருமாள். இப்பமே எழுதிருவோம்" என்று செல்லபாய் மேடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பத்திரிகைக்குக் கடிதம் அங்கேயே, டீ ஆறுவதற்குள் போய்விட்டது. லேசர் இல்லாமல், படிகம் இல்லாமல், எக்ஸிட் போர்டு என்று எல்லாம் அதில் இருந்தது. சாயங்காலம் வாசலில் ஃபிளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். இன்னும் அவர் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் சார் பிரமாதமான சந்தோஷத்தில் இருந்தார்.

"வா மக்ளே, உக்காரு. விஷயம் தெரியுமா? ஆய்வு நேர்மைன்னு ஒரு கருத்தரங்கு. டைரக்டரு எம்பேரைச் சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டு காலேஜ்லயும் கேட்டிருக்காங்க."

"சந்தோஷம் சார்" என்று கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

பேனா மூடியைக் கழற்றினார். முனை தாளுக்கு மேலே வந்து நின்றது.

"அந்த லேசர் ஆஃப் பண்ணி எடுத்த கிராஃப் இருக்குல்லா, அதை எனக்கு அனுப்பிரு. ஆனா அதுல அந்தப் போர்டோட பச்சை போதாது கேட்டியா? கடைசி வரிசையில இருக்கவனுக்குத் தெரியாது. கொஞ்சம் உசரமாக்கி, ரெட்டிப்பா ஆக்கிக் குடு. அப்பந்தான் நம்ம நேர்மை எடுப்பாத் தெரியும்."

நான் அவருடைய பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். கீழே தேதியும் போட்டார். மை காய்கிற வரைக்கும் ஊதினேன், ஆய்வேட்டை மூடினேன், பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"முடியாது சார்" என்றேன்.